பேட்ஜைப் பார்ப்பதா, சேசிஸ் நம்பரைப் பார்ப்பதா?

2025 செப்டம்பர் 22 அன்று சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 விழுக்காடாக இறங்கியது. ஆறு வருஷமாக "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்த கார் பேச்சு அன்று ராத்திரி தோசை சாப்பிடும்போது மறுபடி எழுந்தது. தோசை ஆறுவதற்குள் சண்டையும் வந்துவிட்டது.

விலையில் யாருக்கும் சண்டை இல்லை. அப்பா ஒரே வரிதான் சொன்னார்: "ஏலே, வாங்குறதுன்னா நம்ம நாட்டுக் கம்பெனி வண்டியா வாங்கு. அந்நியனுக்குத் துட்டு குடுக்கதுக்கு நீ பஸ்ஸுலயே போலாம்."

அப்பா தூத்துக்குடிக்காரர். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராகச் சேர்ந்து ரிட்டயர் ஆனவர். "வ.உ.சி. கப்பல் விட்ட ஊர்க்காரன்" என்பதை ஒரு பட்டம் மாதிரி வைத்திருப்பார். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் சும்மா ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு குடையும் கொடுத்தது எல்லாம் எனக்குத் தாலாட்டு மாதிரி. கதையை அவர் எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பார்: "குடைக்கு ஆசப்பட்டவன் கப்பலத் தொலச்சான்."

"சரிப்பா, எந்தக் கம்பெனி?" என்று கேட்டேன்.

"மாருதி இருக்குல்லா. இந்திரா காந்தி சாவி குடுத்த வண்டி."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800-க்கு இந்திரா காந்தி சாவி கொடுத்தது உண்மை. ஆனால் அந்தக் கம்பெனியில் பாதிக்கு மேல் ஜப்பானின் சுசுகி கையில் இருக்கிறது. அரசாங்கம் 2007-லேயே தன் கடைசிப் பங்கையும் விற்றுவிட்டு வெளியேறிவிட்டது. இதைச் சொன்னதும் அப்பா தோசையைப் பார்த்தார். "அப்போ அம்பாசிடரு?" என்றார் கொஞ்சம் கழித்து. அது 2014-லேயே நின்றுபோயிற்று. அந்தப் பெயரையும் 2017-ல் பிரான்ஸ் நாட்டு பெஜோ கம்பெனி 80 கோடிக்கு வாங்கிக்கொண்டது. அதை அன்று நான் சொல்லவில்லை. ஒரு ராத்திரிக்கு ஒரு அடி போதும்.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதில் நான் ஏன் இவ்வளவு மெனக்கெட்டேன் என்று புரியாது. திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில், காரின் சஸ்பென்ஷனுக்கான ரப்பர் புஷ் செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் 17 வருஷமாகத் தரப் பரிசோதனை பார்க்கிறேன். புஷ் என்பது ஒரு இரும்புக் குழாய், அதைச் சுற்றி ரப்பர், அவ்வளவுதான். கார் பள்ளத்தில் இறங்கும்போது 'டொக்'கென்று சத்தம் வராமல் இருந்தால் அது நல்ல புஷ்.

என் மேஜைக்குப் பக்கத்தில் மூன்று கலரில் டிரே அடுக்கியிருக்கும். நீலம் கொரியக் கம்பெனிக்கு, சாம்பல் புனே பக்கத்து இந்தியக் கம்பெனிக்கு, மஞ்சள் ஜப்பான் கம்பெனிக்கு. மூன்றும் ஒரே மோல்டிங் பிரஸ்ஸில் வருபவை, டை என்கிற அச்சு மட்டும் மாறும். ஓரத்தில் பிதுங்கும் ரப்பர்ப் பிசிறைக் கத்தியால் சீவுகிற அக்காமார் ஐந்து பேரும் குன்றத்தூர், சோமங்கலம் பக்கத்து ஆட்கள். ரப்பர் கேரளத்திலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வரும், அதில் கலக்கும் கெமிக்கலில் இரண்டு சீனாவிலிருந்து. சீவி முடித்ததை நான் கெட்டித்தன்மை மீட்டரில் அழுத்திப் பார்ப்பேன். 60 காட்ட வேண்டும், ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம். அப்புறம் டிரேயில் போடுவேன். எந்த டிரேயில் விழுகிறது என்பதை வைத்துத்தான் அந்தப் புஷ் சுதேசியா விதேசியா என்பதே. எங்கள் அக்காமாருக்குச் சம்பளம் எல்லா டிரேக்கும் ஒன்றுதான்.

நாங்கள் மட்டும் இல்லை. பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1961-லிருந்து இருக்கிறது. செம்பியத்தில் பிஸ்டன், பாடியில் சக்கரமும் பிரேக்கும், திருவொற்றியூரில் டயர் என்று சென்னையைச் சுற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பாகம் செய்கிற ஊர் இது. இந்தியக் கம்பெனிக்கு மட்டும்தான் போடுவேன் என்று யாரும் கடை விரிக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லியும் அப்பா அசையவில்லை. மறுநாள் காலை பேப்பரை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பழைய கணக்கு ஒன்றை எடுத்தார். 2024 அக்டோபரில் ஹூண்டாய் இந்தியா பங்கு வெளியிட்டு 27,870 கோடி திரட்டியது நினைவிருக்கும். அதில் ஒரு பைசாகூட இங்கே புது ஆலைக்கோ மெஷினுக்கோ என்று திரட்டியது இல்லை. தாய்க் கம்பெனி தன் பங்கில் 17.5 விழுக்காட்டை விற்ற பணம் அது, முழுசும் அங்கே போனது. "சம்பளம் இங்கதான் குடுக்கான், சரி. லாபம் எங்க போவுது? அதச் சொல்லுலே."

நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கணக்குப் போட்டேன். கார் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன். பைசா சுத்தமான கணக்கு இல்லை. காய்கறிக்காரர் கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்வாரே, அந்த மாதிரி.

வரிக்கு முந்தைய விலை ஆறரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி 18 விழுக்காடு, 1,17,000. ஷோரூம் விலை 7,67,000. அதன்மேல் தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ், ஐந்திலிருந்து பத்து லட்சம் வரைக்கும் 13 விழுக்காடு, ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். ஆக 2 லட்சத்துக்கு மேல் அரசாங்கத்துக்கு. ஜிஎஸ்டியில் பாதி, வண்டி எங்கே விற்கிறதோ அந்த மாநிலத்துக்கு என்பதால், ஒன்றரை லட்சம் வாக்கில் நம் மாநிலத்துக்கே. பேட்ஜ் எந்த நாடாக இருந்தாலும் இது மாறாது.

இப்போது வெளியே போகும் பணம். டீலர் கமிஷனைக் கழித்தால் கம்பெனி கையில் ஆறு லட்சம் சொச்சம். ஹூண்டாய் தன் தாய்க் கம்பெனிக்கு, பெயருக்கும் தொழில்நுட்பத்துக்குமாகக் கட்டும் ராயல்டி மூன்றரை விழுக்காடு, அதாவது 21,000. 2023-24-ல் அவர்களுடைய விற்பனை 69,829 கோடி, வரி போக லாபம் 6,060 கோடி. நூற்றுக்கு எட்டரைக்குக் கொஞ்சம் மேல். என் காரில் அது ஐம்பத்திரண்டாயிரம். அதில் 82.5 விழுக்காடு கொரியர்களுக்குச் சொந்தம், நாற்பத்து மூவாயிரம். லாபத்தில் ஒரு பகுதியை இங்கேயே மறுபடி முதலீடு செய்வார்கள்தான், ஆனாலும் அப்பாவுக்குச் சாதகமாக மொத்தமும் கப்பலேறியது என்றே வைத்துக்கொண்டேன். ராயல்டியும் சேர்த்தால் 64,000.

64,000 சின்னக் காசு இல்லை. அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டே தலையாட்டினார்.

"இப்போ பெட்ரோலுக்கு வாங்க" என்றேன்.

வருஷம் 12,000 கிலோமீட்டர் ஓட்டுவேன். லிட்டருக்கு 18 கொடுக்கிற வண்டி என்றால் 667 லிட்டர். 12 கொடுக்கிற, உயரமாக, கம்பீரமாக நிற்கிற வண்டி என்றால் 1,000 லிட்டர். பத்து வருஷத்தில் வித்தியாசம் 3,300 லிட்டருக்கு மேல். பங்க்கில் போடும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால், அது உள்ளூர்க் கரும்பும் சோளமும் அரிசியும், அதைக் கழித்துவிடுவோம். மிச்சம் 2,667 லிட்டர். கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85-க்கு மேல் நாம் இறக்குமதிதான் செய்கிறோம். ஒரு பீப்பாய் 159 லிட்டர், 65 டாலர் என்று வைத்தால் லிட்டர் 36 ரூபாய். பெருக்கிப் பார்த்தால் 80,000 ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி.

இது முழு எண்ணெய்ச் செலவு இல்லை, வித்தியாசம் மட்டும். கொரியா பேட்ஜுக்குப் பயந்து, நம்ம நாட்டு பேட்ஜ் போட்ட, எண்ணெய் குடிக்கிற பெரிய வண்டி ஒன்றை வாங்கினால், கொரியாவுக்குப் போகவிடாமல் தடுத்ததைவிட அதிகமாக வளைகுடாவுக்கு அனுப்பியிருப்பேன். அது தேசபக்தியும் இல்லை, சிக்கனமும் இல்லை.

அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அப்போ கரண்டு வண்டி வாங்கு. நம்ம நாட்டுக் கம்பெனிகளே போடுதானுவ." அதையும் பார்த்தேன். ஜிஎஸ்டி 5 விழுக்காடுதான், எண்ணெய் இறக்குமதியும் மிச்சம். ஆனால் நம் நாட்டுக் கம்பெனிகளின் மின்சார வண்டியிலும் பேட்டரியைத் திறந்தால் உள்ளே இருக்கும் செல் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்தது. 2025-ல் சீனா மோட்டார் காந்தங்களை அனுப்பாமல் பிடித்து வைத்தபோது இந்தியக் கம்பெனிகள் எல்லாம் அல்லாடின. இருந்தாலும் மின்சார வண்டிக்கு நான் எதிரி இல்லை. பேட்டரி ஒரு தடவை வாங்குவது, எண்ணெய் தினம் வாங்குவது. எனக்கு இருந்த தடை வேறு: நாங்கள் இருப்பது பம்மலில் ஒரு பழைய அடுக்குமாடியின் மூன்றாவது மாடி. கீழே சார்ஜர் போட அசோசியேஷன் ஒத்துக்கொள்ளவில்லை. கதை அங்கேயே முடிந்தது.

எதிர்வீட்டுக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2020-ல் சீனப் பொருள் வேண்டாம் என்று போனிலிருந்து ஆப்களை எல்லாம் அழித்து, தீபாவளிக்குச் சீன சீரியல் லைட்கூட வாங்காமல் அகல் விளக்கு ஏற்றியவர். அடுத்த வருஷம் ஒரு எம்ஜி கார் வாங்கினார். "பிரிட்டிஷ் வண்டி சார், நூறு வருஷக் கம்பெனி" என்று பெருமையாகச் சொன்னார். பெயர்தான் பிரிட்டிஷ். உடைமை அப்போது முழுக்கச் சீனாவின் சாய்க். வண்டி தயாரானது குஜராத்தின் ஹாலோலில், அதுவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுப்போன ஆலையில். பிற்பாடுதான் ஜேஎஸ்டபிள்யூ என்ற நம்மூர்க் குழுமம் அதில் பங்கு வாங்கியது. ஆக ஒரே கார் பிரிட்டன், சீனா, அமெரிக்கா, இந்தியா என்று நாலு கோத்திரம் சொல்கிறது. அவர் இன்னமும் சந்தோஷமாகத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார், வண்டியும் நன்றாக ஓடுகிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

பேட்ஜ் ஏமாற்றும், ஆனால் சேசிஸ் நம்பர் அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது. 17 எழுத்தும் எண்ணுமாக, கண்ணாடிக்கு அடியிலோ கதவுத் தூண் ஸ்டிக்கரிலோ இருக்கும். எம்.ஏ. முதல் எம்.ஈ. வரை எதில் தொடங்கினாலும் இந்தியாவில் செய்தது. எம்.ஏ.டி. என்றால் டாடா, எம்.ஏ.எல். என்றால் ஹூண்டாய், எம்.ஏ.3 என்றால் மாருதி. கியா மாதிரி பின்னால் வந்தவர்களுக்கு எம்.இசட். என்றும் வரும். டெஸ்ட் டிரைவ் போகிற சாக்கில் பார்த்துக்கொள்ளலாம். நாம் வாங்கும் விலையில் வரும் கார் கிட்டத்தட்ட எல்லாமே இந்தியாவில் செய்ததுதான். முழுசாக இறக்குமதி ஆகிற காருக்கு வரி எங்கேயோ போகும், அதை நம்மைப் போன்றவர்கள் வேடிக்கைதான் பார்க்க முடியும். அதனால் "இந்தியாவில் செய்ததா?" என்ற கேள்வி பத்து லட்சத்துக்குக் கீழே கேட்கவே தேவையில்லாத கேள்வி.

எந்த ஆலை என்று கேட்கலாம். ஷோரூமில் தெரியாது என்பார்கள், விடாமல் கேளுங்கள். எனக்கு அது முக்கியமாகப் பட்டது. டாடா கார் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் செய்வது. ஹூண்டாய் 1998-ல் முதல் சான்ட்ரோவை வெளியே விட்டது எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிற இருங்காட்டுக்கோட்டையில். ஒரகடத்தில் ரெனோவும் நிசானும். ஆனால் ஹூண்டாய் என்றாலே நம்மூர் என்றும் இனி சொல்ல முடியாது, புது வென்யூ புனே பக்கத்துத் தலேகாவ்ன் ஆலையிலிருந்து வருகிறது. கொரியக் கார் மராட்டியனாகிவிட்டது என்றதும் அப்பா முதன்முறையாகச் சிரித்தார்.

நாலு ஷோரூம் ஏறி இறங்கினோம். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, இந்த வித்தைகளுக்குத் தேசம் கிடையாது. ஒன்றில் 38,000 ரூபாய்க்கு ஃப்ளோர் மேட், மட்ஃப்ளாப், சீட் கவர் எல்லாம் எடுத்தால்தான் சீக்கிரம் வண்டி என்றார்கள். வேண்டாம் என்று எழுந்ததும் பின்னாலேயே வந்து இல்லாமலும் தரலாம் என்றார்கள். அந்த மேட்டை வெளியே வாங்கினால் நாலாயிரம். இன்னொன்றில் இன்ஷூரன்ஸ் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று பிடிவாதம். கட்டாயம் இல்லை, வெளியே விலை கேட்டுக்கொண்டு போங்கள். மூன்றாவதில் உடனே டெலிவரி, நல்ல தள்ளுபடி. படிவம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் என்ன மாதம் போடுவீர்கள் என்று கேட்டேன், அதில் வண்டி தயாரான மாதமும் வருஷமும் எழுத வேண்டும். பத்து மாதமாக யார்டில் வெயில் காய்ந்த வண்டி அது. எட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "டயரத் தொட்டுப் பாத்தேன், பழசுதான்" என்றார். முப்பது வருஷ டிரைவர்.

ஷோரூமைவிட சர்வீஸ் சென்டருக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இதை நான் 2013-ல் கற்றேன். அப்போதும் அப்பா சொல்லைக் கேட்டு ஒரு இந்தியக் கம்பெனியின் பழைய டீசல் கார் வாங்கினேன். உளுந்தூர்ப்பேட்டை டோல் தாண்டி டர்போ போயிற்று. டோ வண்டி வைத்து இழுத்து வந்து சர்வீஸில் விட்டால், பார்ட் வர 26 நாள். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு அப்பாவே பஸ்ஸில் போக வேண்டியதாயிற்று. அப்புறம் வண்டி விற்கும்வரை பம்மல் மெக்கானிக் ஒருவருக்கு மாதச் சம்பளம் மாதிரி கொடுத்துக்கொண்டிருந்தேன். "மெக்கானிக்கும் நம்மாளுதானே" என்றார் அப்பா, அதற்கு என்ன பதில் சொல்ல? அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு சர்வீஸ் சென்டர் வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பது. முன்பக்க பம்பர், ஹெட்லைட், முன்கண்ணாடி மூன்றுக்கும் விலையும், ஸ்டாக் உண்டா என்றும் பார்ட்ஸ் கவுண்டரில் கேட்பது. நாலு கம்பெனிக்கும் இப்படிச் செய்தேன், இரண்டு கம்பெனி அங்கேயே விழுந்தது.

இதை எழுதும்போது ஒரு பக்கமாகவே பேசுகிற மாதிரி இருக்கிறது. அப்பா பக்கமும் ஒரு பலமான நியாயம் உண்டு, ஆனால் அவர் சொன்ன நியாயம் அது இல்லை. எங்கள் கம்பெனிக்குள் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

நீல டிரே புஷ்ஷில் ஒரு மாடலுக்குக் குழாயின் உள்வாயில் ஒரு சின்னச் சரிவு வைத்தால் ரிஜெக்‌ஷன் பாதியாகக் குறையும் என்று எங்கள் டை ஃபிட்டர் கண்டுபிடித்தார். எழுதிப் போட்டோம். டிராயிங் இங்கே இல்லை, கடல் தாண்டி அனுமதி வர வேண்டும் என்றார்கள். நாலு மாதம் கழித்து "தற்போதைக்கு மாற்றம் இல்லை" என்று ஒரு வரி வந்தது. அதே யோசனையைச் சாம்பல் டிரே ஆட்களிடம் சொன்னோம். செங்கல்பட்டிலிருந்து ஒரு இளம் இன்ஜினியர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பைக்கில் வந்தார். பிரஸ் பக்கத்தில் நின்று பார்த்தார். டிராயிங்கை டிரே மேலேயே விரித்து, ஃபிட்டரிடம் பென்சிலைக் கொடுத்து "நீங்களே போட்டுக் காட்டுங்கண்ணே" என்றார். இரண்டு வாரத்தில் அந்தச் சரிவு டிராயிங்கில் ஏறியது. பத்தாவதுகூட முடிக்காத எங்கள் ஃபிட்டர் அன்று வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனார்.

படம் வரைகிறவன் இந்த ஊரில் இருந்தால் மூளையும் இந்த ஊரில் தங்கும். நாட்டுக் கம்பெனி வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. 64,000 ரூபாய்க் கணக்கெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது. மகிந்திராவின் ஆராய்ச்சி மையம் 2012-லிருந்து செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிறது, வண்டி தயாராவது மராட்டியத்தில் என்றாலும். வெளிநாட்டுக்காரர்களும் கொஞ்சம் கொஞ்சமாக இங்கே டிசைன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், ரெனோ நிசானுக்கு இங்கே பெரிய தொழில்நுட்ப மையமே உண்டு. ஆனால் கடைசிக் கையெழுத்து எங்கே விழுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆனால் அதற்காக மோசமான வண்டியைச் சகித்துக்கொண்டு வாங்க வேண்டும் என்று நான் நம்பவில்லை. சகித்துக்கொண்டு வாங்கிய காலம் ஒன்று இருந்தது. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் என்று ஒரு கார் ஆலை இருந்தது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஹெரால்டு, கெசல் எல்லாம் அங்கே செய்தவை. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றை விட்டார்கள். மேலே ரோவரின் நாகரிக உடம்பு, உள்ளே 1940-களில் பிறந்த வேன்கார்டு இன்ஜின். போட்டி இல்லாத சந்தையில் வளர்ந்த பிள்ளை, போட்டி வந்ததும் நிற்கத் தெரியவில்லை. சில வருஷத்தில் ஆலையே மூடிவிட்டது. நம்ம கம்பெனிதான், நம்ம ஊர்தான், யாரும் காப்பாற்றவில்லை. இன்னொரு பக்கம் 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. மறைமலை நகர் ஆலை 2022 ஜூலையோடு நின்றது. அமெரிக்காவுக்கே ஈகோஸ்போர்ட் ஏற்றுமதி செய்த ஆலை அது. மூடுவதிலும் பேட்ஜ் வித்தியாசம் கிடையாது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு உதாரணம்: 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, இந்தியாவில் செய்த காருக்கு அதுதான் முதல் முறை. அதற்கப்புறம் ஜனங்கள் நட்சத்திரம் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள், மற்றவர்களும் பின்னாலேயே வர வேண்டியதாயிற்று. நம் நாட்டு வண்டி என்று பரிதாபப்பட்டு வாங்கியது இல்லை, நல்ல வண்டி என்று வாங்கியது.

ஒரு நாள் சாயங்காலம் அப்பாவிடம், "நீங்க காலம் பூரா ஓட்டினீங்களே, லேலண்டு, அது எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"எண்ணூருலே. அதக் கேக்கியா?"

"லேலண்டுங்கறது இங்கிலாந்துல ஒரு ஊருப்பா."

அவருக்கு அது தெரியும், ஆனால் யோசித்ததில்லை. 1948-ல் அசோக் மோட்டார்ஸ், 1955-ல் பிரிட்டன் லேலண்ட் கூட்டுச் சேர்ந்து அசோக் லேலண்ட். இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி சிதறிக் கரைந்துபோயிற்று. எண்ணூரில் வண்டி இன்னமும் வருகிறது. "கியர் போட்டா நம்ம ஊரு பாசைல பேசும்லே அது" என்றார். அதற்குமேல் எனக்கும் வாதாட மனசில்லை.

அந்த வாரமே தூத்துக்குடியிலிருந்து அத்தை பேசினார். அத்தை பேரனுக்கு சிப்காட்டில் வேலை கிடைத்திருக்கிறதாம், 2025 ஆகஸ்டில் திறந்த வின்ஃபாஸ்ட் கார் ஆலையில். "வியட்நாம் கம்பெனியாம், ஏசி பஸ்ஸு விடுதானாம், நல்ல கம்பெனிதான்" என்று அப்பா எங்களிடம் பூரித்துப்போய்ச் சொன்னார். நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "மாமா, இன்னொரு தோசை போடவா?" என்றாள் அவள்.

முடிவை எடுத்ததும் அவள்தான். ஆறு ஏர்பேக் வேண்டும், பல்லாவரம் மேம்பால நெரிசலில் கிளட்ச் மிதிக்க முடியாது, சர்வீஸ் சென்டர் நடக்கிற தூரத்தில் வேண்டும், மைலேஜ் வேண்டும். இந்த நாலையும் பட்ஜெட்டையும் வைத்துச் சலித்ததில் இருங்காட்டுக்கோட்டையில் செய்த ஒரு சின்ன பெட்ரோல் கார் மிஞ்சியது. ஒரு இந்தியக் கம்பெனி வண்டி கடைசிவரை கூடவே ஓடி வந்து, சர்வீஸ் தூரத்தில் தோற்றது. எங்கள் தெருவில் அவர்கள் சர்வீஸ் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். உங்கள் ஊரில் மாறலாம்.

டெலிவரி அன்று அப்பா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வந்தார். எலுமிச்சம்பழம் அவர்தான் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் லுங்கியை மடித்துக் கட்டி, கோரைப்பாயை விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். அரை மணி நேரம். நடுநடுவே ஸ்டிக்கர்களைப் படித்துக்காட்டினார். பாதி நம்மூர்ப் பெயர்.

இப்போது தெருவில் யார் வண்டியைக் கேட்டாலும் முந்திக்கொண்டு சொல்கிறார்: "கொரியாக்காரன் பேருதான். கீழ இருக்க புஷ்ஷெல்லாம் என் மவன் கம்பெனிது."

எங்கள் புஷ் இந்த மாடலுக்குப் போவதில்லை. அது பெரிய வண்டிக்குப் போவது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.